ஆள் பார்த்து வந்த கோபம்

கண்டிப்பான சிஸ்டர் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் நான் இன்சார்ஜ். ‘அந்தம்மா இருந்தா வார்டு சரியா இருக்கும்’ என்று நிர்வாகத்தில் பேசிக்கொள்வார்கள். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்காது. கேஸ் ஷீட்டில் ஒரு கையெழுத்து விடுபடாது. எல்லாம் என் கண்டிப்பால் நடக்கிறது என்று நம்பினேன். என் வார்டில் நடந்த தவறுகளில் பல என் காதுக்கு வராமலே போனதும் அதே கண்டிப்பால்தான். அது எனக்குப் புரிவதற்குள் ஒரு மனிதர் சாவின் விளிம்புவரை போய் வந்துவிட்டார். அதைத்தான் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கண்டிப்பு என்று சொல்லிக்கொண்டேனே தவிர, நான் செய்தது கத்தல். டிரிப் முடிந்து பாட்டில் காலியாகத் தொங்கினால், வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும்படி, “கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?” என்று கேட்பேன். நோயாளியின் மனைவி, மாமியார், பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு நோயாளியின் அண்ணனிடம் திரும்பி, “இவங்கள நம்பித்தான் நீங்க உயிரை ஒப்படைச்சிருக்கீங்க, பாத்துக்கங்க” என்று சொன்னேன். நான் திட்டிய நர்ஸ் அப்போது அவருடைய தம்பிக்கு கேனுலா போட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை. ஊசி நரம்பில் ஏறவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

‘எனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்’ என்று சொல்லிக்கொள்வேன். இதைச் சொல்லாத கோபக்காரர் உண்டா? நான் சொன்னது பொய் என்பதற்கு என் வார்டிலேயே தினமும் சாட்சி இருந்தது. காலை ரவுண்ட்ஸுக்குப் பெரிய டாக்டர் வருவார். ஸ்கேன் ரிப்போர்ட் வராததற்கு எங்களைப் பிடித்து வாங்குவார். ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியது அவருடைய உதவி மருத்துவர். எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். “சாரி சார், இப்ப பார்த்துடறேன் சார்” என்பேன். குரல் உயராது, முகம் சுருங்காது. கண்ணு மண்ணு தெரியாத கோபத்துக்கு டாக்டரின் வெள்ளைக் கோட்டு மட்டும் எப்படித் தெரிந்தது? அவர் லிஃப்டில் ஏறிப் போன பிறகு, கைக்கு அகப்பட்ட முதல் நர்ஸ் மேல் அது முழுவதும் இறங்கும். அடக்க முடியாத கோபம் என்று ஒன்று எனக்கு இருக்கவே இல்லை. அடக்கத் தேவையில்லாத ஆட்கள்தான் இருந்தார்கள்.

வெகுளாமை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே இந்த இடத்தில்தான். நம் கோபம் பலிக்கக்கூடிய ஆளிடம் அதைக் காத்துக்கொள்வதுதான் காப்பது. பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய குறள்தான். அது என்னைப் பற்றியது என்று ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுதான் எனக்கு அதிக வெட்கம் தருவது. அடுத்தவர் மனம் அறியாதவள் இல்லை நான். நோயாளி வலி இல்லை என்று சொன்னாலும், அவர் புரண்டு படுக்கும் விதத்தைப் பார்த்து வலி எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரி பில்லை நினைத்துச் சாப்பிடாமல் இருக்கும் மனைவியை வராந்தாவில் தூரத்திலிருந்தே கண்டுகொள்வேன். கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பேன். என்னைக் கடவுள் மாதிரி என்று கும்பிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. அதே கண்கள்தான் என் நர்ஸ்களையும் பார்த்தன. தொடர்ந்து நைட் டியூட்டி பார்க்கும் பெண் எதற்காக அதைக் கேட்டு வாங்குகிறாள், ஹாஸ்டலில் யார் சாப்பிடாமல் தூங்குகிறாள், யாருடைய அப்பா படிப்புக் கடனைக் கட்ட முடியாமல் தவிக்கிறார் என்று எதுவும் எனக்குத் தெரியாது. என் பரிவு கட்டிலோடு நின்றுவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு அது போய்ச் சேரவில்லை.

இப்போது அந்த இரவைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ராத்திரி வெளிச்சத்தில், அவசரத்தில், இரண்டு நிறத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது இருபது இல்லை, ஐம்பது யூனிட். இரண்டரை மடங்கு.

ஜி.என்.எம். நர்சிங் முடித்து எங்களிடம் முதல் வேலைக்கு வந்த பெண் அவள். கிராமத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். சர்க்கரைக்காக வேறு டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமோனியா என்று எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். படுக்கப் போகும் முன் போடும் இன்சுலினை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை, 100 யூனிட் பாட்டில். எங்கள் வார்டில் புழக்கத்தில் இருந்தது 40. டிரேயில் கைக்குக் கிடைத்த சிரிஞ்சில் இழுத்துப் போட்டுவிட்டாள். நள்ளிரவு தாண்டி மருந்தை எடுத்து வைக்கும்போது பாட்டிலில் 100 என்று எழுதியிருந்ததைக் கவனித்திருக்கிறாள். தான் செய்தது என்ன என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டியூட்டி டாக்டர் கீழ்த் தளத்தில்தான் இருந்தார். ஒரு போன் போதும். அவள் போன் செய்யவில்லை. தானே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். பெரியவரை எழுப்பிச் சர்க்கரை போட்டுப் பால் கொடுத்தாள். குளுக்கோமீட்டரில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தாள். எதையும் சார்ட்டில் எழுதவில்லை. எழுதினால் ஏன் எடுத்தாய் என்று காலையில் நான் கேட்பேன். விடியும் நேரத்தில் வேறொரு கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். ஆக்சிஜன், நெபுலைசர் என்று அங்கே ஓடினாள். திரும்பி வந்தபோது பெரியவரின் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரை 38. அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டாள். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நரம்பில் ஏற்றிய சற்று நேரத்தில் கண் திறந்தார். மருந்து நீண்ட நேரம் வேலை செய்வது என்பதால், அன்று முழுவதும் குளுக்கோஸ் டிரிப்பும் மணிக்கொரு தரம் பரிசோதனையுமாக இருந்தது. நிமோனியா சரியாகி வீட்டுக்கும் போய்விட்டார். நடந்தது என்ன என்பதை டாக்டர் அவர் குடும்பத்திடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன்.

காலையில் நான் டியூட்டிக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி ‘பேஷன்ட் எப்படி இருக்கார்’ என்பது அல்ல. “யார் போட்டது?” என்பதுதான். எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நர்சிங் சூப்பரிண்டெண்ட் அறையில் விசாரணை. “தெரிஞ்ச உடனே டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?” என்று அவர் தணிவாகக் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “டாக்டர்கிட்ட சொன்னா காலையில சிஸ்டருக்குத் தெரிஞ்சிடும் மேடம். சிஸ்டர் எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. அதுக்குப் பயந்துட்டேன்.”

அந்த நேரத்தில் எனக்குள் வந்தது வருத்தம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது உண்மையில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. தப்பைச் செய்துவிட்டு என் தலையில் கட்டுகிறாளே என்று தோன்றியது. அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “ஒரு உயிரை விட உன் சத்தத்துக்குப் பயந்திருக்கான்னா, நீ எவ்வளவு சத்தம் போடுவ?” என்றார். அன்றிரவு அவரோடும் பேசவில்லை.

என்னை உடைத்தது வேறொன்று. அந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்பு, இன்னொரு நர்ஸ் என்னிடம் வந்து, “சிஸ்டர், ரெண்டு சிரிஞ்சும் ஒரே டிரேல இருக்கு, மாறிடும் போல இருக்கு” என்று சொன்னாள். நான் மருந்து இன்டென்ட் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “படிச்சுட்டுத்தானே வந்திருக்கீங்க, கலர் பார்க்கத் தெரியாதா?” என்றேன். விசாரணை முடிந்து வார்டுக்கு வந்து அந்த டிரேயைத் திறந்தபோதுதான் இது நினைவுக்கு வந்தது. அவளும் அன்று ஏறக்குறைய மாற்றிப் போடப் போய்த் தப்பியவளாக இருந்திருக்கலாம். வேறு எதற்கு ஒரு பெண் பயந்துகொண்டே வந்து அதைச் சொல்வாள்? இரண்டு டிரே வைத்திருந்தால் முடிந்திருக்கும். சொல்ல வந்தவளை நான் வாயடைத்து அனுப்பினேன். அதற்கான விலையை ஒன்றும் அறியாத ஒரு பெரியவர் கொடுத்தார்.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1999-இல் மருத்துவத் தவறுகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டு மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர்வரை இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது எண்ணிக்கை அல்ல. பெரும்பாலான தவறுகள் அக்கறையில்லாத ஆட்களால் நேர்வதில்லை, தவறு செய்ய வசதியான ஏற்பாடுகளால் நேர்கின்றன என்று அது சொன்னது. ஒரே டிரேயில் இரண்டு சிரிஞ்சு என்பது அப்படி ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாடு என்னுடையது. நானோ அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சம்பவத்துக்குப் பிறகு இன்சார்ஜ்களுக்குத் தலைமைப் பண்பு வகுப்பு என்று ஒன்றை வைத்தார்கள். உணர்வுசார் அறிவு என்ற பேச்சை அங்கேதான் முதலில் கேட்டேன். பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இது தொடங்கியது, டேனியல் கோல்மன் 1995-இல் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுவதும் பரவியது என்றார்கள். உணர்வைக் கண்டுகொள்வது, சிந்தனைக்கு அதைப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது என்று வரிசையாக விளக்கினார்கள். நான் முதல் மூன்றையும் தாண்டி நேராகக் கடைசிக்குப் போனேன். கோபத்தை வெளியே காட்டக் கூடாது, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் நான் கத்தவில்லை. தணிந்த குரலில் பேசினேன், சிரித்தேன். தவறு செய்தவளிடம் “பரவாயில்லைம்மா” என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க அவள் பக்கம் திரும்பமாட்டேன். ஹேண்ட்ஓவரில் அவள் பேசும்போது மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். டியூட்டி லிஸ்ட் போடும்போது அவள் பெயர் ஞாயிற்றுக்கிழமைகளில் விழும். யாராலும் என்னைக் குறை சொல்ல முடியாது. நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லையே. எங்கள் வார்டு ஆயாம்மாதான் ஒருநாள் தரை துடைத்துக்கொண்டே சொன்னார்: “சிஸ்டர், நீங்க பழைய மாதிரி கத்திடுங்க. இப்ப உங்களைப் பார்த்தாலே பிள்ளைங்களுக்கு வயித்தக் கலக்குது.”

விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் எழுதிய புத்தகத்தில், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக முகத்தை வைத்துக்கொள்வதையும் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்பாகவே பேசுகிறார். வேலைக்காகச் சிரித்தாக வேண்டிய அந்தப் பெண்களின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் என் சிரிப்பை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. ஆயுதம் மாறியிருந்தது, அவ்வளவுதான். உணர்ச்சியைக் கையாளக் கற்றுக்கொண்ட மேலதிகாரி, அதைக் கல்லாத மேலதிகாரியை விடக் கொடியவராக ஆக முடியும் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். இந்த வகுப்புகளை நடத்துகிறவர்கள் அதைச் சொல்லித்தர வேண்டும்.

என் கோபத்தின் அடியில் என்ன இருந்தது என்று பார்க்க மேலும் சில காலம் ஆனது. பயம்தான் இருந்தது. ரவுண்ட்ஸில் கேள்வி வருமோ என்ற பயம், உறவினர்கள் கூட்டமாக வந்து சண்டைக்கு நிற்பார்களோ என்ற பயம், எது நடந்தாலும் கடைசியில் நர்ஸ் மேல்தான் விழும் என்ற பயம். நான் மாணவியாக இருந்தபோது ஒரு சிஸ்டர் என் மேல் கிட்னி டிரேயை வீசியிருக்கிறார். அவரையும் யாரோ அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. என்னோடு படித்தவர்களில் அதே சிஸ்டரிடம் அடி வாங்கி, யார் மேலும் கை ஓங்காதவர்கள் இருக்கிறார்கள்.

படத்தில் உள்ள முகத்தில் தெரியும் உணர்ச்சி இன்னது என்று வார்த்தையில் சொல்லும்போது, பார்ப்பவரின் மூளையில் உணர்ச்சியின் கொதிப்பு குறைகிறது என்று உளவியலாளர் மேத்யூ லீபர்மனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2007-இல் மூளைப் படங்கள் எடுத்துக் காட்டினார்கள். அதை நான் எனக்கு வந்திருக்கும் உணர்ச்சிக்கு மருந்து ரூமில் செய்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்: பயம். சில நாள் பசி. சில நாள் முழங்கால் வலி. பல நாள் அவமானம், காலையில் டாக்டர் கொடுத்துவிட்டுப் போனது. கோபம் என்று சொல்லும்படி ஒன்று மிஞ்சுவது குறைவு. டாக்டர் கொடுத்ததை இப்போது அவரிடமே திருப்பிச் சொல்லவும் பழகியிருக்கிறேன்: “சார், ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியது உங்க அசிஸ்டென்ட். என் பிள்ளைங்களைச் சொல்லாதீங்க.” முதல் முறை சொன்னபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள, ஒற்றுமையான குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது: அந்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, வெளியே சொல்ல முடிந்தது என்பதுதான் காரணம் என்று அவர் கண்டார். இதைக் கேட்டபோது என் வார்டின் பழைய இன்சிடென்ட் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைக்காக மருத்துவமனையின் ஆண்டு விழாவில் எனக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். மேடை ஏறி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன், அது எனக்கு வசதி. எல்லோர் முன்னாலும் திட்டியதற்குத் தனியறையில் மன்னிப்பு என்பது என்ன நியாயம்? காலை ஹேண்ட்ஓவரில், இரண்டு ஷிப்ட் பெண்களும் நிற்கும்போது, டிரே விஷயத்தை எனக்கு முன்பே ஒருத்தி சொன்னாள், நான் கேட்கவில்லை, நீ எனக்குப் பயந்ததற்கு நான்தான் காரணம் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “சரிங்க சிஸ்டர்” என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டுப் போனாள். அவள் என்னை மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன். மன்னித்தாக வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

சிரிஞ்சுகளை, டிரேயைத் திறந்து பார்த்த அன்றே பிரித்தோம். வீட்டிலிருந்து வரும் இன்சுலின் பாட்டிலில் 40-ஆ, 100-ஆ என்று பெரிய எழுத்தில் ஒட்டாமல் ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. ஒரு தவறு என்று யாராவது வந்தால், பேஷன்ட் எப்படி இருக்கார், நீ எப்படி இருக்க, என்ன நடந்தது என்ற வரிசையில்தான் கேட்கிறேன். யார் என்பது பெரும்பாலும் தானாகவே வந்துவிடுகிறது. இப்போதும் தவறுகிறேன். போன மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலில் வார்டு நிரம்பி வழிந்தபோது பழைய குரல் வந்துவிட்டது. ஒரு பெண்ணின் முகம் செத்துப் போனதைப் பார்த்தேன். அன்று மாலைக்குள் அவளிடம் போய்ப் பேசினேன். முன்பு நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

இன்சார்ஜ் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளுக்கு, ஆஸ்பத்திரி என்று இல்லை, மில், பள்ளிக்கூடம், பேங்க் என்று எங்கே நான்கு பேர் உங்களுக்குக் கீழே வேலை செய்தாலும் உங்களுக்கு, ஒரு வேண்டுகோள். கடந்த மாதம் உங்களிடம் யாராவது தாங்களாகவே வந்து ‘நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்’ என்று சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். ஒருவரும் சொல்லவில்லை என்றால் நாளைக்குச் சீக்கிரம் கிளம்பிப் போய், இரவு வேலை முடித்து நிற்கும் ஆளை உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ராத்திரி என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நடுவில் எதுவும் பேசாதீர்கள்.